கம்ப்ரசர்ல ஒரு குறை

மொதல்லயே சொல்லிடறேன் தம்பி, இந்த மெஷின்ல ஒரு குறை இருக்கு. ஆன்லைன்ல போட்டப்பவே அதையும் சேர்த்துப் போட்டிருக்கணும். போட்டா ஒரு ஈ காக்கா வராதுன்னு என் மருமகன் சொல்லிட்டான். அவன்தான் ஃபோட்டோ எடுத்து விளம்பரம் போட்டது. நீங்க என்னடான்னா கரூர்லருந்து இந்த வெயில்ல கித்தாரையும் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. மறைச்சு விக்க எனக்கு மனசு வராது. உக்காருங்க. தண்ணி அந்த ஜாடியில இருக்கு.

குறை என்னன்னா, பேஸ் கித்தார் வாசிக்கும்போது ரெண்டு சுரத்துக்கு நடுவுல ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். இரைச்சல்னும் சொல்ல முடியாது, கீச்சுன்னும் சொல்ல முடியாது. போட்டுக் காட்டறேன், நீங்களே கேளுங்க. கேட்டுட்டு, "ஆமா உமாபதி சார், இது மெஷின் சத்தம்தான்"னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு அது போதும். அப்புறம் நீங்க குடுக்கறதக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க, நான் பேரம் பேசமாட்டேன்.

சிரிக்கிறீங்க. பொருள விக்கிறவன் குறைய ஒத்துக்கச் சொல்லிக் கெஞ்சறானேன்னுதான? விஷயம் இருக்கு.

கம்ப்ரசர்னா என்னன்னு தெரியும்ல? தெரியும்னுதான் எல்லாரும் சொல்வாங்க. வகுப்புல கத்தற பையன அதட்டி அடக்கிட்டு, வாயே தொறக்காத பையன எழுப்பிப் பேச வைப்பாரே வாத்தியார், அந்த வேலதான் இது பண்றது. ஓங்கி விழற சுரத்த அமுக்கும். அமுக்கினதுக்கப்புறம் மொத்தத்தையும் தூக்கி விடும். அப்ப அடியில பதுங்கிக் கிடந்ததெல்லாம் மேல வந்துடும். பேஸுக்கு இது இல்லாம முடியாது. ஒரு சுரம் இடி மாதிரி விழும், அடுத்தது இருக்கிற இடம் தெரியாது. அதையெல்லாம் ஒரு மட்டத்துக்குக் கொண்டு வரணும்.

பேஸுக்கு ஒரு கம்ப்ரசர் தேறுமா தேறாதான்னு எப்படிப் பாப்பீங்க நீங்க? ஓங்கி ஒரு சுரம் அடிச்சுப் பாப்பீங்க. நெஞ்சுல குத்துச்சுன்னா "ஆகா"ம்பீங்க. எல்லாரும் அதத்தான் பண்றாங்க. தம்பி, சுரத்தக் கேட்டு மெஷின எடை போட முடியாது. சுரம் விட்டதுக்கப்புறம் கேக்கணும். அந்தக் கனம் எப்படி எறங்குது, எறங்கின இடத்துல என்ன மேல ஏறி வருது, மீட்டர் முள்ளு பதறுதா, பதமா வருதா. அங்கதான் மெஷினோட யோக்கியதை தெரியும். அந்தக் காது எல்லாருக்கும் வாய்க்காது. எனக்கு உண்டு. தற்பெருமை இல்ல, திருச்சியில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. என் வீட்டுக்காரி மட்டும் ஒத்துக்கமாட்டா. "குக்கர் அஞ்சு விசில் அடிச்சாலும் காதுல விழாது, கொசு ரெக்கை அடிச்சா எந்தச் சுருதின்னு சொல்லுவாரு"ம்பா.

இந்த மெஷின நான் வாங்கினது ஒரு ஸ்டூடியோவ மூடினப்ப. கம்பெனிப் பேரெல்லாம் நீங்க பாத்திருப்பீங்க. வந்த அன்னைக்கு இத எடை போட டைட்டஸ்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டேன்.

டைட்டஸ் எங்க பேஸ் கித்தாரிஸ்ட். ஆர்எம்எஸ்ல தபால் பிரிக்கிற வேல. ராத்திரியெல்லாம் ரயில்ல கடுதாசி பிரிப்பான், மத்த நேரம் எங்க ட்ரூப்ல வாசிப்பான். நான் மிக்ஸர்ல உக்காந்திருப்பேன். திருவிழாக் கச்சேரி, கல்யாணக் கச்சேரி, தீபாவளி நேரத்துல ஜவுளிக்கடை வாசல்ல மேடை போட்டு... எல்லாத்துலயும் ஒண்ணா சுத்தினோம். பாட்டு முடிஞ்சா பாடினவனுக்குக் கை தட்டுவாங்க, ட்ரம்ஸ் அடிச்சவனுக்கு விசில் அடிப்பாங்க. டைட்டஸ் பாட்டுக்கு ஓரமா வயரச் சுருட்டிக்கிட்டிருப்பான். பேஸ் வாசிக்கிறவன யாரு பாக்கறது? நான் பாப்பேன். அவன் விரல் கம்பியில படற விதமே வேற. நகம் படாது. சதைதான் படும்.

அந்த வருஷம் தவக்காலத்துக்கு முன்னால பங்குச் சாமியார் ஒருத்தர் வந்தாரு. சிலுவைப்பாதைப் பாட்டெல்லாம் புதுசாப் பதிவு பண்ணித் தரணும், கீபோர்டுல பேஸ் போட்டு ஒப்பேத்த வேண்டாம், ஆள் வச்சே வாசிங்கன்னாரு. எனக்குக் கரும்பு தின்னக் கூலி. டைட்டஸுக்கு ஃபோன் போட்டேன். "வர்றேன்டா உமா, மெதுவா வர்றேன்"னான். மெதுவாத்தான் வந்தான். நம்ம ஸ்டூடியோவுக்கு ஏறற படி கொஞ்சம் செங்குத்து. கீழ மெத்தைக்கடைக்காரர்கிட்ட நின்னு ஒரு பாட்டம் பேசுவான், நடுப்படியில நின்னு ஒரு பாட்டம் ஃபோன் பாப்பான், அப்புறம் மேல வருவான். நான் இங்க மைக்கெல்லாம் வச்சுட்டு உக்காந்திருப்பேன். கோவம் வரும். "ஏன்டா, படியில குடித்தனமா நடத்தற?"ன்னு கேட்டேன் ஒரு நாள். சிரிச்சான். அவன் பதில் சொல்றதவிடச் சிரிக்கிறதுதான் ஜாஸ்தி.

ஆம்ப் பெட்டிக்கு முன்னால மைக் வச்சுத்தான் நான் பேஸ் எடுப்பேன். கித்தார்லருந்து நேரா வயர் போட்டு எடுக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, அதுல காத்தே இருக்காது. அந்தக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெரியுதுல்ல, அந்தச் சின்ன ரூம்தான். பெட்டி, பெட்டிக்கு முன்னால மைக், பக்கத்துல நாற்காலியில டைட்டஸ். பதிவாகறது தனியா சுத்தமாப் பதிவாகும். நான் கேக்கறது மட்டும் இந்த மெஷின் வழியா வரும்.

மொத நாளே பிரமிச்சுட்டேன் தம்பி. அப்படி ஒரு வெண்ணெய் மாதிரி பேஸ் நான் கேட்டதில்ல. ஆனா சொன்னேன்ல, சுரம் விட்டதுக்கப்புறம் கேக்கணும்னு. அங்க ஒரு கிறீச். நாற்காலி. அவன் அசையும்போதெல்லாம் கிறீச்சுங்குது, மெஷின் அதத் தூக்கிக் காட்டுது. நாற்காலிய வெளிய எடுத்துட்டேன். "நின்னுக்கிட்டு வாசிடா, மேடையில நிக்கிறவன்தான நீ"ன்னேன். நின்னான். அப்புறம் டிக் டிக்னு ஒண்ணு. அவன் வாட்ச்சு. கழட்டிட்டான். அப்புறம் ஃபேனு. நிறுத்திட்டேன். ஏசி. அதையும் நிறுத்தியாச்சு. பங்குனி வெயில் வேற. செருப்ப மட்டும் நான் சொல்ல வேண்டி வரல, அவனே கீழ மெத்தைக்கடையில விட்டுட்டு வெறுங்காலோட வந்துடுவான். கடிக்குதும்பான். பாதம் ரெண்டும் உப்பியிருந்துச்சு. "என்னடா இது, பன்னு மாதிரி?"ன்னேன். "நின்னுக்கிட்டே இருக்கேன்லடா"ன்னான். சரிதானே, நின்னா வீங்கத்தான செய்யும்? எனக்கும் வீங்கும்.

இவ்வளவையும் ஒழிச்சதுக்கப்புறமும் ஒரு சத்தம் மிச்சம் இருந்துச்சு.

சுரம் விழும். கனம் எறங்கும். எறங்கின உடனே, ஸ்ஸ்ஸ்னு ஒண்ணு மேல ஏறி வரும். கொஞ்சம் நிக்கும். ஹ்ம்னு எறங்கும். அடுத்த சுரம் வந்து அத மூடிடும். மறுபடி நடுவுல அது.

எனக்கு ஒரு நொடி ஆகல கண்டுபிடிக்க. பம்பிங். நீங்களும் கேட்டிருப்பீங்க. மெஷின் அமுக்கின பிடிய அவசரமா விட்டுச்சுன்னா, அடியில இருக்கற இரைச்சல் ஊதிக்கிட்டு மேல வரும், அடுத்த சுரம் வந்து மிதிச்சா உள்ள போவும். கெட்டுப்போன கம்ப்ரசர் எல்லாம் இப்படித்தான் ஊதி ஊதி அடங்கும். ரிலீஸ் திருகைத் திருகினேன். போகல. அமுக்கற வேகம், அட்டாக்கும்பாங்க, அத மாத்தினேன். போகல. வயர மாத்தினேன், மைக்க மாத்தினேன், எர்த் வேற இழுத்துப் பாத்தேன். ம்ஹும். டெஸ்ட் டோன் போட்டா சுத்தமா இருக்கு. டைட்டஸ் வாசிச்சா வருது. பாருங்க, எவ்வளவு நயவஞ்சகமான மெஷின்!

சென்னைக்கு நூருல்லா பாய்கிட்ட அனுப்பினேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல அவருகிட்ட போகாத மெஷின் கிடையாது. "ஒண்ணுமில்ல உமாபதி, நல்லாத்தான் இருக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அவரும் வயசானவரு, காது மந்தம்னு நெனச்சுக்கிட்டேன். மெஷின் போயி வர்ற வரைக்கும் பதிவு நின்னுபோச்சு. டைட்டஸ்தான் குஷியா இருந்தான். "நல்லா ரெஸ்ட் கிடைச்சுச்சுடா, தூங்கினேன்"னான். எப்படித் தூங்கினானாம் தெரியுமா? சோபாவுல, முதுகுக்குத் தலகாணி அடுக்கி, உக்காந்துக்கிட்டே. "ஏன்டா, கட்டில் என்ன ஆச்சு?"ன்னேன். "முப்பது வருஷம் ரயில்ல உக்காந்தே தூங்கினவன்டா நான், படுத்தா வரமாட்டேங்குது"ன்னான். ரயில்லயே வெந்தவன் பேச்சப் பாருங்கன்னு நான்கூட ஊர் பூராச் சொல்லிச் சிரிச்சேன்.

மெஷின் திரும்பி வந்துச்சு. மறுபடி அதே சத்தம். முன்னவிட ஜாஸ்தியா. ஒவ்வொரு இடைவெளியிலயும் ரெண்டு ரெண்டா வருது.

அன்னைக்கு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். ஒரு பாட்டு, "சிலுவை சுமக்கும்போது"ன்னு தொடங்கும், சாமியார் எழுதினது, அதுல பேஸ் மட்டும் தனியா வர்ற ஒரு இடம். மெதுவா, சுரத்துக்குச் சுரம் நல்ல இடைவெளி விட்டு. அத அவன் வாசிக்க வாசிக்கப் பதிவு பண்ணி எடுத்துக்கிட்டேன். அதத்தான் இன்னை வரைக்கும் எந்த மெஷின் வந்தாலும் டெஸ்ட்டுக்குப் போடறேன். அதுல ஒரு பழுது மட்டும் உண்டு. கடைசி சுரம் லேட்டு. அவ்வளவு கரெக்ட்டா வாசிக்கிறவன், கடைசி சுரத்துக்கு முன்னால எங்கயோ போயிட்டு வந்த மாதிரி தாமதமா வந்து சேருவான். "டைட்டஸ், லேட்டு. இன்னொரு தடவ"ன்னேன். "சரிடா"ன்னான். இன்னொரு தடவயும் லேட்டு. இன்னொரு தடவன்னேன். சரிடான்னான்.

அப்புறம் அவனையே இங்க கூப்பிட்டேன். இதோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் உக்கார வச்சு ஹெட்ஃபோன மாட்டி விட்டேன். பதிவ மெஷின் வழியா விட்டேன். "கேக்குதா?"ன்னேன். தலையாட்டினான். இந்தப் பட்டன் இருக்கு பாருங்க, பைபாஸ், இத அமுக்கினா சத்தம் மெஷினுக்குள்ள போகாம நேரா வந்துடும். அமுக்கினேன். அந்தச் சத்தம் போயிடுச்சு. மறுபடி அமுக்கினேன், மெஷின் உள்ள வந்துச்சு. சத்தமும் வந்துடுச்சு. "பாத்தியா? மெஷின எடுத்தா இல்ல, போட்டா இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"ன்னேன்.

அவன் ஹெட்ஃபோனக் கழட்டவே இல்ல தம்பி. "இன்னொரு தடவ போடு"ன்னான். போட்டேன். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டான். கடைசி சுரம் வரைக்கும் கேட்டான். அப்புறம் கழட்டி மெதுவா மேசையில வச்சான். "ஆமாடா உமா. மெஷின்தான்"னான்.

அவனே சொன்னான். நல்லாக் கேட்டுக்கங்க, அவன் வாயாலயே சொன்னான். வாசிச்சவன், காது உள்ளவன், எனக்குத் தெரிஞ்ச பேஸ் கித்தாரிஸ்ட்லயே முதல் ஆளு. அவன் சொன்னதுக்கப்புறம் நான் என்ன சந்தேகப்படறது?

எழுந்து போகும்போது இன்னொண்ணும் சொன்னான். "ரெஜினா பாட்டக் கேக்கணும்னு இங்க வந்தாலும் வருவா, இதெல்லாம் போட்டுக் காட்டாத. அவளுக்கு சவுண்டு புரியாது"ன்னான். ரெஜினா அவன் வீட்டுக்காரம்மா. நான் ஏன் போட்டுக் காட்டப் போறேன்? கழுவாத பாத்திரத்த விருந்தாளிக்கு எவனாவது எடுத்து வைப்பானா?

அதனால மெஷின் வழியா ஏத்தின பாட்டையெல்லாம் கழுவினேன். ஒவ்வொரு இடைவெளியா வெட்டி, அந்தச் சத்தத்த எடுத்துட்டு, வெறும் மௌனத்த வச்சுத் தச்சேன். சுரம், மௌனம், சுரம், மௌனம். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. சாமியார் கேட்டுட்டு, "டைட்டஸ் மனுஷனாட்டமே வாசிக்கல, தேவதூதன் மாதிரி வாசிச்சிருக்கான்"னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. டைட்டஸ்கிட்ட சொன்னேன். அவன் அதுக்கும் சிரிச்சான்.

குருத்தோலை ஞாயிறு கழிஞ்ச வாரம் செத்துப்போயிட்டான். சோபாவுல, அதே தலகாணி அடுக்குல, உக்காந்தபடி. இருதயமாம். நுரையீரல் பூராத் தண்ணியாம். இது ஒரு நாள்ல வந்ததில்ல, மாசக்கணக்கா இழுத்துக்கிட்டு இருந்திருக்கணும்னாராம் டாக்டர். எனக்கு ஒண்ணும் புரியல. நேத்து பேசினவன் இன்னைக்கு இல்லன்னா எப்படிப் புரியும்? அழுதேன் தம்பி. வெக்கமில்லாமச் சொல்றேன், என் அப்பா சாவுக்குக்கூட அப்படி அழுததில்ல.

சாவு வீட்லதான் அவன் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொன்னது. ட்ரூப் ஆளுங்க அத்தன பேரும் நிக்கிறாங்க, சாமியார் நிக்கிறாரு. நான் மாலையப் போட்டுட்டு நிமிர்றேன். ரெஜினா என்னப் பாத்து, கத்தல கித்தல, சாதாரணமாத்தான் கேட்டது. "அண்ணே, உங்க காதுக்குக் கூடவா கேக்கல?"

எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க.

என்ன கேள்வி இது, சொல்லுங்க. நான் சவுண்ட் இன்ஜினியர். டாக்டரா? நான் கேக்கறது சுரத்த. ஆள் வாசிக்கிறதக் கேப்பேனா, ஆளக் கேப்பேனா? கூட இருந்தது அந்தம்மா. ஒரே வீடு, ஒரே கூரை. அவன் தண்ணியில முங்கற மாதிரி உக்காந்திருந்திருக்கான், அதுக்கே தெரியாதது எனக்குத் தெரியணுமா? அவன்தான் அதுகிட்ட எல்லாத்தையும் மறைச்சிருக்கான், ராத்திரி டிவியச் சத்தமா வச்சுக்கிட்டே உக்காந்திருப்பானாம். திருப்பிக் கேட்டிருக்கலாம். சாவு வீட்ல வாய விடக் கூடாதுன்னு வந்துட்டேன். ஆனா அந்த வார்த்த போகல தம்பி என்ன விட்டு. அது என் கூடவே பஸ் ஏறி வந்துடுச்சு.

அதுக்கப்புறம் வேற பேஸ்காரங்க வந்தாங்க. இதே மெஷின், இதே ரூம். அந்தச் சத்தம் வரல. டைட்டஸோட பதிவப் போட்டா மட்டும் வருது. ஏன்னு கேக்கறீங்க. அவன் தொடறது மெதுவு, அதுக்கு ஏத்த மாதிரி மெஷின் பதறுது, அவ்வளவுதான். மெஷினுக்கும் ஆள் தெரியும். அப்படியெல்லாம் இல்லங்கறீங்க. இருக்கட்டும்.

ஆனா இப்ப அது மெஷினோட நிக்கல. எங்க போனாலும் நடுவுல நடுவுல வருது. பஸ்ல ஹாரன் அடிச்சு நிறுத்தினா, அந்த இடத்துல வருது. கோயில்ல மணி அடிச்சு ஓஞ்சா, அங்க வருது. வீட்ல ஃபேன நிறுத்திட்டு நிக்கிறேன், அது எங்கிருந்து வருதுன்னு பாக்க. "வேர்க்குதுங்க, போடுங்க"ன்னு வீட்டுக்காரி கத்தறா. அவ மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சாயறப்ப பக்கத்துல போயி நிக்கிறேன். குனிஞ்சு கேக்கறேன். அவளோடது ஒழுங்கா இருக்கு. ஒண்ணு ஏறுது, ஒண்ணு எறங்குது. ரெண்டும் ஒரே நீளம். ஒரு நாள் கண்ணத் தொறந்துட்டா. "என்னத்தப் பாக்கறீங்க?"ன்னா. மெஷின் செக் பண்றேன்னு வாயில வந்துடுச்சு. பயந்துபோயிட்டா பாவம். இத வித்துத் தொலைங்கன்னு மருமகனக் கூப்பிட்டு விளம்பரம் போட வச்சது அவதான்.

எனக்கு பயமா இருக்கு தம்பி. வெளிய சொன்னா சிரிப்பாங்க. பேய்க்கு பயப்படற ஆள் இல்ல நான். சுடுகாட்டுக்குப் பக்கத்துலயே கச்சேரிக்கு செட் போட்டவன். இது வேற. இந்தப் பதிவ நான் போடும்போதெல்லாம், அந்தச் சத்தம் போன தடவவிடக் குட்டையா இருக்கு. பதிவு மாறாது, தெரியும். எனக்கே தெரியும். இருந்தும் குட்டையா இருக்கு. ஒரு நாள் போடப் போறேன், அது வராமப் போயிடும்னு இருக்கு.

வாங்க, கேளுங்க. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கர்லயே விடறேன். மெஷின் உள்ள இருக்கு, லைட் எரியுது பாருங்க. இப்ப பாருங்க முள்ள.

இது முதல் சுரம். எப்படி எறங்குது பாருங்க, வழுக்கிக்கிட்டு. இப்ப... வந்துச்சா? கேட்டுச்சா? இருங்க, இன்னும் வரும். இதோ. இப்ப ரெண்டு சேர்ந்தாப்பல. சுரமே இல்லாத இடத்துல முள்ளு லேசா ஆடுது பாத்தீங்களா? இதத்தான் சொன்னேன். பம்பிங். சொல்லுங்க, பம்பிங்தான?

யாரோ மூச்சு விடற மாதிரியா? எல்லாரும் அதான் சொல்றாங்க. முன்னால தஞ்சாவூர்லருந்து வந்த ஆளும் அதான் சொன்னாரு, சொல்லிட்டு மெஷினையும் வாங்காம ஓடிட்டாரு. கேக்க அப்படித்தான் இருக்கும் தம்பி. காது ஏமாத்தும். நான் நிரூபிச்சுக் காட்டறேன் பாருங்க. மறுபடி மொதல்லருந்து போடறேன். பைபாஸ அமுக்கறேன். மெஷின் அவுட். போயிடுச்சா? பாருங்க, சுரம், சும்மா. சுரம், சும்மா. ஒண்ணுமே இல்ல. அப்ப யாரோட தப்பு?

ஏன் எழுந்துட்டீங்க? அந்தத் திருகு எதுக்கு? அது ஸ்பீக்கர் வால்யூம். அத ஏன் கூட்டறீங்க?

சமம் பண்றீங்களா.

ஆமா. மெஷின் உள்ள இருந்தா மொத்தச் சத்தமும் தூக்கலா வரும், எடுத்துட்டா தணிஞ்சுடும். ரெண்டையும் ஒரே அளவுல வச்சுத்தான் ஒப்பிடணும், இல்லாட்டி எது மெஷினோடது எது பதிவோடதுன்னு தெரியாது. அதான் முறை. இத நான்தான் பசங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறது. எனக்கே சொல்லித் தர்றீங்க பாருங்க. நான் அன்னைக்கும் பண்ணிதான் இருப்பேன். பண்ணாம இருப்பேனா? டைட்டஸ உக்கார வச்சுட்டு, பட்டன அமுக்கினேன், சத்தம் போச்சு, உடனே திருப்பி அமுக்கினேன்...

வேண்டாம் தம்பி. அவ்வளவு கூட்டாதீங்க, ஸ்பீக்கர் கிழிஞ்சுடும். பழைய ஸ்பீக்கர். சொன்னாக் கேளுங்க.

லைட் அணைஞ்சிருக்கா? அணைஞ்சுதான் இருக்கு. முள்ளு?

முள்ளு ஆடல. கீழ கிடக்கு.

இருங்க. பேசாதீங்க.

சுரம்.

...

இருக்கு.

மெஷின் இல்லாமலே இருக்கு. இன்னொரு தடவ... அது... அது உள்ள இழுக்கறது. பாதியில நிக்குது பாருங்க. முழுசா இழுக்க முடியல. இப்ப அடுத்த சுரத்துக்காக அடக்கறான். சத்தம் வரக் கூடாதுன்னு அடக்கறான், நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உக்காந்து மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டிருக்கேன்ல, அதுக்காக அடக்கறான். அடக்கிட்டு வாசிக்கிறான். வாசிச்சுட்டு விடறான்.

தம்பி, இவன் இதக் கேட்டுட்டுத்தான் மெஷின்னு சொன்னானா?

கடைசி சுரம் வரப் போவுது. அதுக்கு முன்னாலதான் ரொம்ப நேரம் எடுப்பான். நிறுத்துங்க தம்பி. இப்பவே நிறுத்துங்க, வாசிக்க வேண்டாம். அவன் கொஞ்சம் மூச்சு விட்டுக்கட்டும்.